யாருடைய உடல் இது?

பொழியூர் கடற்கரை உங்களுக்குத் தெரியும். நெய்யாற்றின்கரை தாலுகாவின் தெற்கு ஓரம். அடுத்த ஊர் நீரோடி. அது தமிழ்நாடு. ஊருக்கு எல்லை உண்டு. கடலுக்கு அந்த எல்லை கிடையாது.

2017 நவம்பர் 30. ஓகி புயல் அடித்தது. இரண்டு மாநில மீனவர்களும் அப்போது கடலில் இருந்தார்கள். பலர் திரும்பவில்லை. நாட்கள் கழித்து உடல்கள் கிடைத்தன. சில உடல்கள் கோழிக்கோட்டுக் கடல்வரை போயிருந்தன. உப்புத் தண்ணீரில் ஊறி முகம் சிதைந்திருந்தது. பெற்ற தாயே பார்த்தாலும் அடையாளம் சொல்ல முடியாது.

அடையாளம் தெரியாவிட்டால் உடலை யாரிடம் கொடுப்பது? தவறான வீட்டுக்குப் போய்விட்டால் இரண்டு குடும்பங்களுக்குத் துன்பம். ஒரு வீட்டில் வேறொருவரை அடக்கம் செய்வார்கள். இன்னொரு வீட்டில் கடைசிவரை காத்திருப்பார்கள்.

அப்போது கைகொடுத்தது டி.என்.ஏ. சோதனை. திருவனந்தபுரத்தில் உள்ள ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையத்தில் இந்தச் சோதனை நடந்தது. உறவினர்களின் ரத்தத்தை எடுத்து, உடல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

டி.என்.ஏ. என்றால் என்ன?

நம் உடல் கோடிக்கணக்கான செல்களால் ஆனது. செல்லுக்குள் நூல் போன்ற ஒரு பொருள் இருக்கிறது. அதுதான் டி.என்.ஏ. அதில் பாதி தாயிடமிருந்து வந்தது. பாதி தந்தையிடமிருந்து வந்தது. ஒட்டிப் பிறந்தது போல் ஒரே சாயலில் பிறக்கும் இரட்டையரைத் தவிர, ஒருவருடையதைப் போல் மற்றவருக்கு இருக்காது.

கணவனைக் காணோம். மனைவி ரத்தம் கொடுத்தால் போதுமா? போதாது. மனைவி ரத்த உறவு அல்ல. பிள்ளையின் ரத்தம் வேண்டும். பிள்ளையிடம் இருப்பதில் தாயின் பங்கைக் கழித்தால், மீதி தந்தையுடையது. இதற்காகத்தான் சில சமயம் மனைவியிடமும் ரத்தம் கேட்கிறார்கள்.

வெறும் எலும்பு மட்டும் கிடைத்தால்? தாய் வழியாக மட்டும் வரும் இன்னொரு டி.என்.ஏ. உண்டு. அது பழைய எலும்பிலும் பல்லிலும் கூட நெடுநாள் நிற்கும். முன்பு திருவிதாங்கூரில் சில சமுதாயங்களில் மருமக்கத்தாயம் இருந்தது. பிள்ளைகள் தாயின் தறவாட்டைச் சேர்ந்தவர்கள். இந்த டி.என்.ஏ.வும் அப்படித்தான். பாட்டி, அம்மா, மகள் என்று இறங்கும். மகனுக்கும் கிடைக்கும். ஆனால் அவன் பிள்ளைகளுக்குப் போகாது.

கேரளத்துக்கு இந்தச் சோதனை புதிதல்ல. தலசேரியில் ஒரு குழந்தையின் தந்தை யார் என்று வழக்கு. ஐதராபாத் விஞ்ஞானி லால்ஜி சிங் சோதித்துச் சாட்சி சொன்னார். 1991ல் கேரள உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது.

தூரத்து உறவு பிடித்துக் கொடுத்தது

ஓகியில் யாரைக் காணோம் என்று தெரியும். ரத்தம் கொடுக்க ஆள் இருந்தது. கொலை செய்தவன் யார் என்றே தெரியாவிட்டால்?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 1970களிலும் 1980களிலும் ஒருவன் பல கொலைகள் செய்தான். அவன் டி.என்.ஏ. போலீசிடம் இருந்தது. ஆள் கிடைக்கவில்லை. சொந்தக்காரர்களைத் தேடுவதற்காக மக்கள் தாங்களே தங்கள் டி.என்.ஏ. விவரங்களைச் சேர்த்து வைத்த ஒரு பட்டியல் அங்கே உண்டு. அதில் போலீசார் தேடினார்கள். தூரத்து உறவினர் சிலர் அகப்பட்டார்கள். அவர்களுடைய கொள்ளுத் தாத்தாவுக்கும் முந்திய தலைமுறையிலிருந்து குடும்ப மரம் எழுதினார்கள். ஒவ்வொரு கிளையாக இறங்கி வந்தார்கள். வயதும் ஊரும் பொருந்திய ஒருவர் மிஞ்சினார். அவர் முன்னாள் போலீஸ்காரர்! அவர் குப்பையில் போட்ட காகிதத்தை எடுத்துச் சோதித்து உறுதி செய்தார்கள். 2018ல் கைது. 2020ல் ஆயுள் தண்டனை.

இந்த முறை நம் ஊரில் எளிதாக நடக்குமா? நம் பக்கத்தில் அத்தை மகன், மாமன் மகள் என்று முறைக்குள் கல்யாணம் செய்தவர்கள் உண்டு. பெண் கொடுத்தது களியக்காவிளையில், பெண் எடுத்தது பாறசாலையில். ஒரே ஆள் இரண்டு வழியில் சொந்தம். சோதனையில் தூரத்து உறவுகூடக் கிட்டத்து உறவு போலத் தெரியும். கணக்குத் தடுமாறும்.

இன்னொன்றும் உண்டு. ஒருவர் எச்சில் கொடுத்தால், கேட்காமலேயே அவர் சொந்தம் முழுவதும் அந்தப் பட்டியலுக்குள் வந்துவிடுகிறது. இது சின்ன விஷயமல்ல. கொலைகாரன் பிடிபட வேண்டும். அதற்காக ஊர் முழுவதையும் சந்தேகப் பட்டியலில் வைக்கலாமா? அமெரிக்காவிலும் இந்தக் கேள்வி எழுந்தது. 2019 முதல், சம்மதித்தவர்களின் விவரத்தில் மட்டுமே போலீஸ் தேடலாம் என்று அந்தப் பட்டியலை நடத்துவோர் மாற்றினார்கள். நம் நாட்டில் டி.என்.ஏ.வுக்கென்று 2019ல் மக்களவையில் வந்த மசோதா 2023ல் திரும்பப் பெறப்பட்டது.

வீட்டில் ஒருவரைக் காணவில்லை என்றால்

உடனே போலீசில் புகார் கொடுங்கள். ரத்தம் தரத் தயார் என்றும் சொல்லுங்கள். காணாமல் போனவரின் பல் துலக்கும் பிரஷ், சீப்பு, சவர பிளேடு ஆகியவற்றைக் கழுவாதீர்கள். உலர்ந்த பிறகு காகித உறையில் போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். ஈரம் தங்கிக் கெட்டுவிடும்.

நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்

உங்கள் அம்மா, அம்மாவின் அம்மா, அவருடைய அம்மா. இந்த மூவரின் பெயரும் ஊரும்.

அப்பா வழியிலும் அப்படியே.

எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ரத்த உறவினர் யார் யார்?