ஆஃபர் கைநழுவினால்...

கேள்வி: புதிய கம்பெனியின் ஆஃபர் லெட்டரை நம்பி ராஜினாமா செய்தேன். நோட்டீஸ் பீரியட் முடிய இன்னும் இரண்டு வாரம்தான். இப்போது ஆஃபரை ரத்து செய்துவிட்டதாக மெயில் வந்திருக்கிறது. வீட்டுக் கடன் வேறு இருக்கிறது. என்ன செய்வது?
- வாசகர், கோவை

பதில்: தவறு உங்கள்மீது இல்லை. முதலில் அதை மனதில் பதியவையுங்கள்.

இன்றே உங்கள் மேலாளரை நேரில் பாருங்கள். கடைசி வேலைநாள் வரவில்லை என்பதால் ராஜினாமாவைத் திரும்பப் பெறக் கேட்கலாம். பேசியதோடு விடாமல் ஹெச்.ஆருக்கு மெயிலும் அனுப்புங்கள். உங்கள் இடத்துக்கு ஆள் எடுக்காதவரை வாய்ப்பு உண்டு.

அவர்கள் மறுத்தால், ரிலீவிங் லெட்டரையும் அனுபவச் சான்றிதழையும் தவறாமல் வாங்கிவிடுங்கள். முன்பு இன்டர்வியூவில் தேர்வாகி நீங்கள் வேண்டாமென்ற கம்பெனிகளுக்குப் போன் செய்யுங்கள். தவணை தவறும் முன்பே வங்கியில் நிலைமையைச் சொல்லி அவகாசம் கேளுங்கள்.

ஆஃபர் லெட்டர், நீங்கள் சம்மதித்த மெயில், ரத்து மெயில் மூன்றையும் சொந்த மெயிலுக்கு மாற்றிவையுங்கள். ஒப்பந்தத்தை மீறினால் இழப்பீடு கோர 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவு வழிசெய்கிறது. ஆஃபரில் உள்ள நிபந்தனைகளைப் பொறுத்தே வழக்கு நிற்கும், வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

இன்றிரவே வீட்டில் சொல்லிவிடுங்கள். இந்தப் பாரத்தைத் தனியாகச் சுமக்காதீர்கள்.