ஆங்கிலத்திற் சொற்றொடரும் வாக்கியமும்

ஆங்கிலங் கற்கும் நம் மாணவருட் சிலர், சொல்வளம் உடையராயினும், சொற்றொடரை வாக்கியமெனக் கொண்டு அதன் இறுதியில் முற்றுப்புள்ளியிட்டு விடுவர். இவ்வழு பெரும்பாலும் தாய்மொழியின் இயல்பை ஆங்கிலத்தின்மேல் ஏற்றுவதால் நேர்வது. ஆதலின், இரு மொழிகளையும் ஒப்புநோக்கிக் கற்றல் இதனை நீக்குதற்கு நல்வழியாகும்.

சொற்றொடர் ஒரு பொருளையோ, இடத்தையோ, காலத்தையோ சுட்டும். அதைப்பற்றி யாதுங் கூறி முடியாது. வாக்கியமோ ஒன்றைக் கூறும், வினவும், அல்லது ஏவும். 'த வீவேர்ஸ் ஒஃப் மருதமுனை' என்று ஒருவர் நிறுத்தினால், 'மருதமுனை நெசவாளருக்கு என்ன?' என்று கேட்போர் வினவுவர். 'த வீவேர்ஸ் ஒஃப் மருதமுனை மேக் ஸாரீஸ்' என்றவிடத்து அவ்வினா எழாது; 'சேலை நெய்கின்றனர்' எனப் பொருள் முடிந்தது. முன்னது சொற்றொடர், பின்னது வாக்கியம்.

நம் மாணவர் இடர்ப்படும் இடங்கள் மூன்று.

ஒன்று: தமிழில் 'அவர் ஆசிரியர்' என்பது வினையின்றியே வாக்கியமாகும், பெயரே பயனிலையாய் நிற்கும். ஆங்கிலத்தில் 'ஹீ எ டீச்சர்' என்பது நிரம்பாது. 'ஹீ இஸ் எ டீச்சர்' என வினை வருதல் வேண்டும்.

இரண்டு: 'வந்தான்' என்னும் ஒரு சொல்லே தமிழில் வாக்கியமாகும், வந்தவன் ஆடவன், ஒருவன் என்பதை அதன் விகுதி காட்டும். ஆங்கிலத்துக் 'கேம்' என்னுஞ் சொல்லில் அக்குறிப்பு இல்லை. ஆதலின் 'ஹீ கேம்' என எழுவாயையும் கூற வேண்டும். 'ரன்' என ஏவுமிடத்து மட்டும் 'நீ' என்னும் எழுவாய் மறைந்து நிற்கும்.

மூன்று: 'வருகிறது' என்னும் ஒரே சொல் தொழிலையும் காலத்தையும் உணர்த்தும். ஆங்கிலம் இவற்றைப் பிரித்து, தொழிலைக் 'கமிங்' என்பதிலும், காலத்தை 'இஸ்' என்பதிலும் வைக்கும். எனவே 'த ஸீ கமிங்' என்பது 'வருகின்ற கடல்' போல எஞ்சி நிற்கும். 'த ஸீ இஸ் கமிங்' என்பதே 'கடல் வருகிறது' என முற்றும்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய ஊர்களின் கரையோரத்தைச் சிதைத்தது. கண்ணெதிரே நிற்பவர்க்குக் 'கடல்!' என்னும் கூவலே போதியதாகலாம். தொலைவிலிருந்து வரும் எச்சரிக்கையை வாசிப்பவர்க்கு அது போதாது. 'ஆஃப்டர் தி ஏர்த்குவேக் நியர் சுமாத்திரா' என்னுந் தொடரில் நிலநடுக்கம் உண்டு. அதன்பின் நேரப்போவது இல்லை. யாது நிகழும், யாது செய்தல் வேண்டும் என்பவற்றை வாக்கியமே கூறும்.

இன்னொன்றையும் மாணவர் அறிதல் நன்று. 'வென் த போட் கேம்' என்பதில் எழுவாயும் வினையும் உள. எனினும் 'வென்' என்னுஞ் சொல் அதனைத் 'தோணி வந்தபோது' என வேறொன்றைச் சார வைக்கும். 'வீ வென்ற் ரு த பீச்' என்பதைச் சேர்த்தாலன்றிப் பொருள் முடியாது. செய்தித் தலைப்பிலும், கடைப் பலகையிலும், வினாவுக்குரிய விடையிலும் தொடர் தனித்து வரலாம். கட்டுரையில் அவ்வாறு எழுதுதல் தகாது.

பயிற்சி: வாக்கியங்களைத் தெரிந்தெடுக்க.
1. அண்டர் த கோக்கனற் ட்றீ.
2. த பஸ் இஸ் லேற்.
3. மை பிரதர் இன் அக்கரைப்பற்று.
4. சிற் டவுன்.

விடை: இரண்டாவதும் நான்காவதும் வாக்கியங்கள். மூன்றாவதில் 'இஸ்' சேர்ப்பின் அதுவும் வாக்கியமாகும்.

1892 இல் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், சேக்சுபியரின் நாடகங்களை ஆராய்ந்து தமிழில் 'மதங்க சூளாமணி' எழுதினார். 'பிரபுத்த பாரத' என்னும் ஆங்கில இதழின் ஆசிரியராகவும் விளங்கினார். இரு மொழிகளின் இயல்பையும் பிரித்தறிந்தோர்க்கு ஒன்று மற்றொன்றுக்குத் தடையாவதில்லை என்பதற்கு அவரே சான்று. மாணவர்காள்! புள்ளியிடுமுன் 'எழுவாய் எது? முற்றுவினை எது? பொருள் முடிந்ததா?' என்று வினவுக. மூன்றுக்கும் விடை கிடைத்தபின் புள்ளியிடுக.