செய்மதிப் படம் சொல்வதும் சொல்லாததும்: வெள்ளம் வந்த ஊருக்குத் திரும்புமுன் ஒரு பாடம்

வெள்ளம் வந்துபோன இடங்களுக்குச் செய்மதிப் படங்களைக் கொண்டு வரைபடங்கள் தயாரிக்கப்படுகின்றன. பிரதேச செயலகத்தில், மீள்குடியேற்றக் கூட்டத்தில் அல்லது உறவினர் ஒருவரின் தொலைபேசியில் நீங்களும் அப்படியொன்றைக் காணலாம். நீலம் பூசிய பகுதிக்குள் உங்கள் கிராமம் இருந்தால் மனம் பதறும். வெளியே இருந்தால் நிம்மதி வரும். எந்த முடிவையும் எடுக்குமுன், அந்தப் படத்தால் எதைக் காட்ட முடியும், எதைக் காட்ட முடியாது என்பதை அறிந்திருப்பது நல்லது.

இதை விளங்கிக்கொள்ள 2005ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரை மூழ்கடித்த கத்ரீனா சூறாவளியை எடுத்துக்கொள்வோம். அந்த நகரத்து மக்களும் இடம்பெயர்ந்து, பல வாரங்கள் வேறு ஊர்களில் தங்கி, பிறகே வீடு பார்க்க வந்தவர்கள்.

மேலிருந்து பார்க்கும் மூன்று கண்கள்

முதலாவது, வானிலைச் செய்மதி. இது பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரே இடத்துக்கு மேலே நிற்பதுபோல் சுற்றுகிறது. சூறாவளி எங்கே நிற்கிறது, எந்தத் திசைக்கு நகர்கிறது என்று அடிக்கடி காட்டும். ஆனால் உங்கள் தெருவை அதில் காண முடியாது.

இரண்டாவது, நிலத்தைப் படமெடுக்கும் செய்மதி. இது பல நூறு கிலோமீற்றர் உயரத்தில் பறக்கிறது. வயல், குளம், வீதி ஆகியவற்றை இதில் அடையாளம் காணலாம். ஆனால் முகில் மறைத்தால் நிலம் தெரியாது. மழைக்காலத்தில் இது பெரிய குறை. ஒரே இடத்துக்கு மேலே மீண்டும் வரவும் நாட்கள் எடுக்கும். லாண்ட்சாட் என்ற செய்மதிக்கு இதற்கு 16 நாட்கள் தேவை.

மூன்றாவது, ரேடார் செய்மதி. இது முகிலுக்கு ஊடாகவும் இரவிலும் பார்க்கும். அமைதியாக நிற்கும் தண்ணீர் இதன் படத்தில் கறுப்பாகத் தெரியும். வெள்ள வரைபடங்கள் பலவற்றுக்கு இதுவே அடிப்படை. ஆனாலும் மரத்தோப்புக்குள்ளும் நெருக்கமான வீடுகளுக்கு இடையிலும் நிற்கும் தண்ணீரை இது தவறவிடலாம்.

கத்ரீனா: நாளுக்கு நாள்

2005 ஓகஸ்ட் 28ஆம் திகதி வானிலைச் செய்மதிகள் மெக்சிக்கோ வளைகுடாவை நிறைத்து நின்ற பெரிய முகிற் சுழலைக் காட்டின. அதன் நடுவில் வட்டமான கண் தெளிவாகத் தெரிந்தது. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீற்றர் அளவுக்கு ஏறியிருந்தது. மறுநாள் காலை கரையைத் தொட்டபோது வேகம் சுமார் 205 கிலோமீற்றராகக் குறைந்தது. சூறாவளியின் கண் நகரத்தின் கிழக்குப் பக்கமாகக் கடந்து சென்றது.

வானிலைப் படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு ஆபத்து விலகிவிட்டது போலவே தோன்றியிருக்கும். ஆனால் நகரத்துக்குள் கால்வாய் அணைகளும் தடுப்புச் சுவர்களும் 50க்கும் மேற்பட்ட இடங்களில் உடைந்திருந்தன. பொன்சர்ட்ரெயின் ஏரியின் தண்ணீர் உடைப்புகள் வழியாக நகருக்குள் தொடர்ந்து பாய்ந்தது. ஏரியின் மட்டமும் நகரத்து நீர்மட்டமும் சமமாகும் வரை, செப்டெம்பர் முதலாம் திகதியளவு வரை, அது நிற்கவில்லை. நகரின் 80 வீதம் தண்ணீருக்குள் போனது. சில இடங்களில் ஆழம் 3 மீற்றரையும் தாண்டியது.

செப்டெம்பர் கடைசியில் ரீட்டா என்ற இன்னொரு சூறாவளி வந்தது. வற்றத் தொடங்கிய சில பகுதிகள் மறுபடியும் மூழ்கின. தண்ணீரை முழுவதுமாக இறைத்து முடிக்க ஒக்டோபர் 11 ஆனது.

இதிலிருந்து இரண்டு விடயங்களை மனதில் வைத்திருங்கள். சூறாவளி கடந்தது என்றால் வெள்ளம் கடந்தது என்று அர்த்தமில்லை. எங்கள் ஊரில் குளக்கட்டும் வாய்க்காலும் பத்திரமாக இருக்கின்றனவா என்று கேட்டறிய வேண்டும். அடுத்தது, எந்தப் படமும் அது எடுக்கப்பட்ட நாளுக்கே சரி. படத்தைக் கண்டால் முதலில் திகதியைக் கேளுங்கள்.

தண்ணீர் எங்கே நிற்கவில்லை?

நியூ ஓர்லியன்ஸ் வெள்ளப் படங்களில் மிசிசிப்பி ஆற்றை ஒட்டி ஒரு நீண்ட துண்டு நிலம் பெரும்பாலும் காய்ந்தே கிடந்தது. ஆற்றங்கரையில் எப்படி வெள்ளம் இல்லாமல் போகும் என்று நீங்கள் கேட்கலாம். பல நூற்றாண்டுகளாக ஆறு பெருகும்போதெல்லாம் மண்ணைக் கொண்டுவந்து கரையில் படியவைத்தது. அதனால் கரை மேடானது. 1718இல் நகரத்தை அமைத்தவர்கள் அந்த மேட்டிலேயே குடியேறினார்கள். பிற்காலத்தில் சதுப்பு நிலத்தை வடித்து வீடு கட்டினார்கள். வடித்த நிலம் தாழ்ந்து, பல இடங்களில் கடல்மட்டத்துக்கும் கீழே போனது. வெள்ளம் அங்கேதான் தேங்கியது.

எங்கள் ஊர்களிலும் முன்னோர் கோயிலையும் பழைய வீடுகளையும் எங்கே வைத்தார்கள், எந்த இடத்தை வயலுக்கு விட்டார்கள் என்று பாருங்கள். 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியையும், 2008 நவம்பரில் வடக்கில் பெருமழை கொட்டிய நிஷா சூறாவளியையும் நேரில் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். தண்ணீர் எதுவரை வந்தது என்று அவர்களிடம் கேளுங்கள். வரைபடத்தோடு அவர்களின் ஞாபகமும் சேர்ந்தால்தான் புதிய வீட்டை வளவின் எந்த மூலையில் கட்டுவது என்று சரியாகத் தீர்மானிக்கலாம்.

படம் சொல்லாதவை

கத்ரீனாவுக்கு மறுநாளிலிருந்தே விமானங்கள் தாழப் பறந்து படமெடுத்தன. அப்படங்கள் இணையத்தில் வெளியாயின. இடம்பெயர்ந்திருந்த குடும்பங்கள் அவற்றில் தங்கள் வீட்டுக் கூரையைத் தேடிப் பார்த்தன. கூரை இருந்தது பலருக்கு ஆறுதல். ஆனால் கூரைக்குக் கீழே நின்ற தண்ணீரும் சேறும், சுவரில் பிடித்த பூஞ்சணமும் மேலிருந்து தெரியவில்லை.

எங்கள் நிலத்தில் இன்னும் இரண்டு விடயங்கள் மேலிருந்து தெரியாது. ஒன்று, கிணற்றுத் தண்ணீரின் தரம். மற்றது, மண்ணுக்குள் கிடக்கும் மிதிவெடியும் வெடிக்காத வெடிபொருளும். வெள்ளம் இவற்றை வேறு இடத்துக்கு அடித்துச் செல்லலாம். எச்சரிக்கைப் பலகைகளையும் கொண்டுபோகலாம்.

திரும்பிச் செல்லும்போது

- மிதிவெடி அகற்றப்பட்ட பகுதியா என்று கிராம அலுவலரிடம் கேட்டறியுங்கள். அகற்றிய பிறகு வெள்ளம் வந்திருந்தால் மறுபடியும் கேளுங்கள். பாவனையில் உள்ள பாதையை விட்டு விலக வேண்டாம்.
- சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதீர்கள். வந்த வழியே திரும்பி, உடனே அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.
- முதல் நாள் பெரியவர்கள் மட்டும் பகல் வெளிச்சத்தில் சென்று பாருங்கள். சுவர் வெடித்திருந்தால் உள்ளே போக வேண்டாம்.
- சுவரில் வெள்ளம் விட்ட கறையைக் கவனியுங்கள். தரையிலிருந்து அதன் உயரத்தை அளந்து, திகதியுடன் எழுதி வையுங்கள். புதிய வீட்டின் அத்திவாரத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதற்கு அது உதவும்.
- கிணற்றை இறைத்துக் குளோரீன் இடும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். கரையோரக் கிணறுகளை ஒரேயடியாக வற்ற இறைத்தால் உவர்நீர் ஏறலாம். முதலில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஆலோசனை பெறுங்கள்.
- வெள்ள எச்சரிக்கை பற்றி அறிய அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தை அழைக்கலாம்.

குடும்பத்தோடு கதைத்துப் பாருங்கள்

1. நமது கிராமத்தில் மேடான இடம் எது? வெள்ளம் வந்தால் அங்கே எந்தப் பாதையால் போகலாம்?
2. நமக்குக் காட்டப்பட்ட வரைபடம் எந்தத் திகதிக்குரியது? அதன் பிறகு மழை பெய்ததா?
3. மேலேயுள்ள குளம் உடைத்தால் தண்ணீர் நமது வளவுக்கு வர எவ்வளவு நேரம் எடுக்கும்? இதை யாரிடம் கேட்கலாம்?

இந்தக் கேள்விகளுக்கான பதில்களை ஒரு தாளில் எழுதி, காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றோடு நீர் புகாத பையில் வைத்திருங்கள். அவசரமாக வெளியேற நேர்ந்தால் அந்தப் பையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.