சாவி தொலைந்த பிட்காயினை நீதிமன்றம் மீட்டுத் தருமா?

கேள்வி: என் கணவர் சென்ற ஆண்டு மாரடைப்பில் காலமானார். கொஞ்சம் பிட்காயின் வாங்கி வைத்திருந்தார். பென் டிரைவ் மாதிரி ஒரு கருவி பீரோவில் கிடைத்தது; பின் நம்பர் யாருக்கும் தெரியாது. அவருடைய மெயிலில் இருந்த முகவரியை இணையத்தில் போட்டுப் பார்த்தால் 0.4 பிட்காயின் இருப்பதாகக் காட்டுகிறது. வழக்குப் போட்டு வாங்க முடியுமா? ‘போனது போனதுதான்’ என்கிறார் கொழுந்தனார். 40,000 ரூபாய் முன்பணம் தந்தால் மீட்டுத் தருவதாக டெலிகிராமில் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: முதலில் அந்த டெலிகிராம் ஆசாமிக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

உரிமையைப் பொறுத்தவரை உங்களுக்குச் சிக்கல் இல்லை. கிரிப்டோ ஒரு சொத்துதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் கூறியிருக்கிறது. நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் அளித்த தீர்ப்பு அது. கணவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நீங்களும் பிள்ளைகளும் சம பங்குக்கு உரியவர்கள். மாமியார் உயிரோடு இருந்தால் அவருக்கும் அதே அளவு பங்கு உண்டு. கொழுந்தனாருக்குப் பங்கு இல்லை.

சிக்கல் அந்த உரிமையை நிறைவேற்றுவதில்தான் இருக்கிறது. வங்கி லாக்கரின் சாவி தொலைந்தால், உரிய சான்றுகளைக் காட்டி லாக்கரை உடைத்துத் திறக்கச் சொல்லலாம். வங்கி மறுத்தால் நீதிமன்றம் உத்தரவிடும். பிட்காயினுக்கு அப்படி ஒரு மேலாளர் கிடையாது. கிரிப்டோ வாங்கி விற்க உதவும் எக்ஸ்சேஞ்ச் கணக்கில் காயின் இருந்திருந்தால், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் கொடுத்து அந்த நிறுவனத்திடம் கேட்கலாம். மறுத்தால் வழக்குத் தொடரலாம். உங்கள் கணவர் காயினைத் தம் சொந்த வாலட்டுக்கு மாற்றிவிட்டதாகத் தெரிகிறது. எனவே அந்த 0.4 பிட்காயினுக்காக யாரைப் பிரதிவாதியாகச் சேர்ப்பது என்ற கேள்விக்கு விடை இல்லை.

ஆனாலும் ‘போனது போனதுதான்’ என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். காயின் அந்தக் கருவிக்குள் இல்லை. பிளாக்செயின் என்ற பொதுப் பேரேட்டில் பதிவாக இருக்கிறது. கருவி வைத்திருப்பது சாவியை மட்டுமே. பின் நம்பரை ஊகித்துப் போட்டுப் பார்க்காதீர்கள். சில கருவிகள் மூன்று முறை தவறினாலே உள்ளிருப்பதை அழித்துவிடும். கருவியைப் பயன்படுத்தத் தொடங்கும்போது 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களை வரிசை எண்ணோடு எழுதி வைக்கச் சொல்வார்கள். அந்தச் சீட்டு கிடைத்தால் புதுக் கருவியிலேயே எல்லாவற்றையும் மீட்கலாம். டைரி, பத்திரக் கவர், பழைய கணக்கு நோட்டு என ஒன்றுவிடாமல் தேடுங்கள். கிடைத்தால் போட்டோ எடுக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள்.

அவர் காயின்களை விற்றிருந்தால் 1 சதவீத டிடிஎஸ் பிடித்திருப்பார்கள். அவருடைய பான் எண்ணுக்கு வருமான வரித் தளத்தில் சட்டப்படியான வாரிசாகப் பதிவு செய்து பார்த்தால், எந்த எக்ஸ்சேஞ்சில் கணக்கு இருந்தது என்பது தெரியவரலாம். அங்கே மிச்சம் ஏதாவது இருந்தால் அதைக் கேட்டு வாங்கலாம்.

சீட்டும் கிடைக்கவில்லை, பின் நம்பரும் தெரியவில்லை என்றால், கொழுந்தனார் சொன்னதுதான் நடக்கும். ‘பர்ன்’ செய்வது என்று ஒன்று உண்டு: யாரிடமும் சாவி இல்லாத முகவரிக்குக் காயினை வேண்டுமென்றே அனுப்பி ஒழித்துவிடுவது. சாவி தொலைந்த காயினின் கதியும் அதுதான். இருப்பு காலமெல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஒருவராலும் அசைக்க முடியாது. மொத்தமே 2.1 கோடி பிட்காயின் என்பதுதான் வரம்பு. தொலைந்ததற்கு ஈடாகப் புதிது தர யாருமில்லை.

நீதிமன்றம் போயும் கைகூடாமல் போனதற்குப் பிரிட்டனில் ஒரு வழக்கு உதாரணம். வேல்ஸின் நியூபோர்ட்டைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹவல்ஸின் ஹார்ட் டிஸ்க் 2013-இல் குப்பையோடு போய்விட்டது. அதில் சுமார் 8,000 பிட்காயினின் சாவி இருந்தது. குப்பைக் கிடங்கைத் தோண்ட அனுமதி கேட்டு நகராட்சி மேல் வழக்குப் போட்டார். கிடங்கில் சேர்ந்த பொருள் 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி நகராட்சிக்கே சொந்தம், வழக்கு வெற்றி பெற வாய்ப்பே இல்லை என்று 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

வரியில் நட்டம் காட்டலாமா என்றால், அதற்கும் வழியில்லை. கிரிப்டோவை விற்று வரும் நட்டத்தையே வேறு வருமானத்தில் கழிக்க 2022 முதல் நம் சட்டம் அனுமதிப்பதில்லை. வாரிசாகக் கிடைப்பதற்கு வரி இல்லை. பின்னால் விற்றால் லாபத்தில் 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் கட்ட வேண்டும்.

கிரிப்டோ வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. யாருக்குச் சேர வேண்டும் என்பதை உயிலில் எழுதுங்கள். அந்த 24 சொற்களை உயிலில் எழுதாதீர்கள். உயில் பலர் கைக்குப் போகும். சொற்களைத் தனியாக, மூடி முத்திரையிட்ட உறையில் வைத்து, அது இருக்கும் இடத்தை நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.