பட்டமும் வாக்கும்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1940 பிப்ரவரியில், பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தொகுதிக்கு இடைத்தேர்தல் நிகழ்ந்தது. அத்தொகுதியின் வாக்காளர் அப்பல்கலைக்கழகப் பட்டதாரிகளே. 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசினைப் பெற்ற உடலியலறிஞர் ஏ.வி. ஹில், மருத்துவப் பேராசிரியர் ஜான் ரைலை வென்றார். 1943-44இல் இந்தியா வந்த ஹில், இங்குள்ள அறிவியல் ஆராய்ச்சியின் நிலையை ஆராய்ந்து அறிக்கை அளித்தார் என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

எனினும், பட்டதாரிக்கு வாழுமிடத்து வாக்கொன்று, பல்கலைக்கழக வாக்கொன்று என இரண்டு வாக்குகள் இருந்தமை சமநீதிக்கு முரணாயிற்று. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஒழித்தது. தமிழகச் சட்ட மேலவையின் பட்டதாரித் தொகுதிகளும் 1986இல் மேலவையுடன் மறைந்தன.

தருமபுரி மாவட்டத்தில் கேழ்வரகு விளைவிக்கும், எழுத்தறியா முதியவரின் வாக்கும் நம் வாக்கும் இன்று ஒரே மதிப்புடையன. கற்றதனைப் பிறர்க்குப் பயன்படுத்துவதிலேயே பட்டத்தின் சிறப்பினை நாம் காண்போமாக.