உதிரிபாகக் கணக்கை நோட்டிலிருந்து கணினிக்கு ஏற்றுவது எப்படி?

களைக்கொல்லி தெளிக்கிற வயலில் களைக்கருவி பழுதானால் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை. நமக்கு அப்படி இல்லீங்க. ஒற்றை நாற்று நடவில் நட்ட 10-12 நாளில் முதல் களை ஓட்டணும், அப்புறம் பத்து நாளுக்கு ஒரு தடவை. அந்த நேரம் பார்த்து வீடர் ஒரு பேரிங்குக்காக நாலு நாள் நின்றால் களை பயிரை முந்திவிடும். அதற்குப் பிறகு ஆள் தேடி அலைய வேண்டியதுதான்.

இதனால்தான் பல ஊர்களில் உழவர் குழுக்கள் கருவிகளைச் சேர்ந்து வாங்கும்போதே உதிரிபாகங்களையும் வாங்கி வைக்கின்றன. எங்கள் குழுவில் அந்த அலமாரியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. முன்பெல்லாம் எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்பது எங்கள் மெக்கானிக் அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். அவர் வெளியூர் போயிருந்தால், அலமாரியில் இருக்கிற சாமானும் இல்லாத சாமான்தான். “பெல்ட் இருக்கா தம்பி?” என்று கேட்டு வருகிறவரிடம் “அண்ணன் வரட்டும்” என்பேன். அவர் டவுனுக்குப் போய்ப் புதிதாக வாங்கி வருவார். அதே பெல்ட் இரண்டு எங்கள் அலமாரியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

இந்தக் கணக்கை எக்செல் தாளில் எழுதி, அங்கிருந்து இருப்பு மென்பொருளுக்கு மொத்தமாக ஏற்றிவிட்டோம். நாங்கள் பயன்படுத்துவது இஆர்பிநெக்ஸ்ட் என்ற திறமூல மென்பொருள். வேறு மென்பொருள் வைத்திருந்தாலும் தாள் தயாரிக்கிற வேலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கிற லிப்ரே ஆபீஸ் கால்க் போதும்.

முதலில் அலமாரி, பிறகு கணினி

பழைய நோட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்ய ஆரம்பிக்காதீங்க. நோட்டில் இருப்பது அன்றைக்கு வாங்கியது. இன்றைக்கு இருப்பது அலமாரியில்தான் தெரியும். ஒவ்வொரு தட்டாக இறக்கி, துடைத்து, எண்ணுங்க. எண்ணி முடித்த தட்டுக்கு ஒரு எண் ஒட்டுங்க. துருப்பிடித்ததையும் எதற்கென்றே தெரியாததையும் தனிப் பெட்டியில் போடுங்க. அவை கணக்குக்குள் வர வேண்டாம்.

ஒரு வரிக்கு ஒரு பொருள்

தாளில் ஒரு வரி என்றால் ஒரு பொருள், ஒரு பத்தி என்றால் ஒரே வகைச் செய்தி. நாங்கள் வைத்திருக்கிற பத்திகள் இவை: பொருள் குறியீடு, பெயர், ஊரில் சொல்லும் பெயர், பொருள் வகை, அளவு, எந்தக் கருவிக்கு, அலகு, தட்டு எண், இருப்பு, வாங்கிய விலை, குறைந்தபட்ச இருப்பு.

“பேரிங் 6204 – 3 எண்ணம் – 2ஆம் தட்டு” என்று ஒரே கட்டத்தில் எழுதினால் படிக்கிற நமக்குப் புரியும், மென்பொருளுக்குப் புரியாது. இருப்புப் பத்தியில் 3 என்ற எண் மட்டும்தான் இருக்கணும். “3 எண்ணம்” என்று எழுதினால் அது எழுத்தாகிவிடும், கூட்ட முடியாது. கட்டங்களை ஒன்றாக இணைப்பது, நடுவில் தலைப்பு வரி போடுவது, வரிக்கு வண்ணம் அடித்து “இது தீர்ந்துபோனது” என்று குறிப்பது எல்லாம் கூடாது. வண்ணம் மென்பொருளுக்கு ஏறாது.

குறியீடு வைக்கும் முறை

இதில்தான் பணம் மிச்சமாகிறது. கருவியின் பெயரை வைத்துக் குறியீடு கொடுத்தால் ஒரே பேரிங் மூன்று பெயரில் மூன்று இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பவர் டில்லருக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று, தட்டை வெட்டும் கருவிக்கு ஒன்று என்று மூன்று தடவை வாங்குவோம். பேரிங்கின் மேலேயே எண் பொறித்திருக்கும். 6204 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்துளை 20 மி.மீ. 6205 என்றால் 25 மி.மீ. (04-க்குக் கீழே இந்தக் கணக்கு பொருந்தாது: 6203-இன் உள்துளை 17 மி.மீ., 6202-க்கு 15 மி.மீ.) எந்தக் கம்பெனி செய்தாலும் 6204-இன் உள்துளை, வெளிவிட்டம், தடிமன் மூன்றும் ஒன்றுதான். மூடி உள்ளதா, இரும்பு மூடியா ரப்பர் மூடியா என்பது போன்றவை பின்னொட்டில் மாறும்.

வி-பெல்ட்டும் அப்படித்தான். பி-42 என்றால் மேல் அகலம் 17 மி.மீ. உள்ள பி வகை, 42 என்பது அங்குலத்தில் நீளம். ஏ வகையின் மேல் அகலம் 13 மி.மீ. ஆயில் சீலில் 25×40×7 என்று இருந்தால் தண்டு விட்டம் 25, வெளிவிட்டம் 40, தடிமன் 7 மி.மீ.

ஆகவே பொது அளவுப் பாகங்களுக்கு அளவையே குறியீடாக வையுங்க: பேரிங்-6204, பெல்ட்-பி42, சீல்-25×40×7. கியர், கிளட்ச் தட்டு மாதிரி அந்தக் கம்பெனிக்கே உரிய பாகங்களுக்கு மட்டும் கம்பெனியின் பாக எண்ணைக் குறியீடாக வைக்கலாம். எந்தெந்தக் கருவிக்குப் பொருந்தும் என்பதைத் தனிப் பத்தியில் எழுதிவிட்டால் போதும்.

அலகில் கவனம்

சொட்டுநீர்க் குழாய் சுருளாக வாங்குகிறோம், மீட்டராக எடுக்கிறோம். ஆணி கிலோவில் வருகிறது. ஒரு டில்லரில் இரண்டு மூன்று பெல்ட் சேர்ந்து ஓடுகிற இடத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால் புதியது சுமையை இழுத்துச் சீக்கிரம் தேயும். அதை செட்டாகத்தான் மாற்றணும். எடுத்துக் கொடுக்கிற அலகு எதுவோ அதையே இருப்பின் அலகாக வையுங்க. ஒரு சுருளுக்கு எத்தனை மீட்டர் என்ற மாற்றுக் கணக்கை மென்பொருளில் ஒரு தடவை எழுதிவிட்டால் வாங்கும்போது அது கணக்குப் போட்டுக்கொள்ளும்.

எக்செல் செய்கிற குறும்புகள்

எக்செல் நமக்கு உதவுவதாக நினைத்துச் சிலதை மாற்றிவிடும். கேட்காமல் மாற்றும் என்பதுதான் ஆபத்து.

அரை இஞ்ச் எல்போவுக்கு 1/2 என்று எழுதினால் பிப்ரவரி 1 ஆக்கிவிடும். “சரி, எழுத்தாக மாத்திக்கலாம்” என்று பிறகு கட்டத்தின் வகையை மாற்றினால் 45323 மாதிரி ஒரு எண் நிற்கும். அது 2024 பிப்ரவரி 1-க்கு எக்செல் வைத்திருக்கிற நாள் எண். 10-11 ஸ்பேனரும் 8-9 ஸ்பேனரும் இதே மாதிரி தேதியாகிவிடும். 00125 என்ற பாக எண்ணில் முன்னால் உள்ள பூச்சியங்கள் உதிர்ந்து 125 ஆகும். 890 என்று தொடங்கும் 13 இலக்கப் பார்கோடு 8.9இ+12 என்று சுருங்கித் தெரியும். அப்படியே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் சுருங்கியதுதான் கோப்பில் போகும்.

இது நம்மை மட்டும் படுத்துகிற சங்கதி இல்லை. செப்ட்1, மார்ச்1 என்ற மனித மரபணுப் பெயர்களையும் எக்செல் தேதியாக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2020-ல் மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு இந்தத் தொல்லையையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, செப்ட்1-ஐ செப்டின்1 என்றே மாற்றிவிட்டது.

நாம் பெயர் மாற்ற வேண்டியதில்லை. எழுதத் தொடங்குவதற்கு முன்பே குறியீடு, அளவு, பார்கோடு பத்திகளைத் தேர்ந்தெடுத்து ‘டெக்ஸ்ட்’ என்று வகை மாற்றிவிடுங்க. எழுதிய பிறகு மாற்றினால் பலனில்லை. சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் எக்செலில் திறந்தால் இதே மாற்றங்கள் திரும்பவும் நடக்கும் என்பதையும் மறக்காதீங்க. மூலத்தாள் எக்செல் கோப்பாகவே இருக்கட்டும்.

தமிழ் எழுத்து

பெயர்களைத் தமிழில் எழுதினால் கடையைப் பார்க்கிற எல்லோரும் தேட முடியும். ஆனால் யூனிகோடில் எழுதணும். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது மென்பொருளுக்குள் போனதும் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். சிஎஸ்வி ஆகச் சேமிக்கும்போது ‘யுடிஎஃப்-8’ என்று உள்ள வகையைத் தேர்வு செய்யணும். இல்லாவிட்டால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாக வந்து நிற்கும்.

ஏற்றுவதற்கு முன் சலித்தெடுத்தல்

விதையைத் தூற்றிப் பதர் நீக்குவது மாதிரி தாளையும் ஒரு தடவை சலிக்கணும்.

1. ‘எண்ணம்’, ‘எண்’, ‘நம்பர்’ என்று மூன்று விதமாக எழுதினால் மென்பொருளுக்கு அது மூன்று அலகு. வகைக்கும் அலகுக்கும் கீழிறங்கு பட்டியல் வைத்து அதிலிருந்தே எடுங்க.
2. பெயருக்கு முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கிற வெற்றிடத்தை ‘ட்ரிம்’ சூத்திரம் நீக்கும்.
3. ஒரு குறியீடு எத்தனை தடவை வந்திருக்கிறது என்பதை ‘கவுண்ட்இஃப்’ சொல்லும். ஒன்றுக்கு மேல் வந்தால் அலமாரியில் போய்ப் பாருங்க. ஒரே பொருள் என்றால் இருப்பைக் கூட்டி ஒரு வரியாக்குங்க.

ஏற்றும் வரிசை

இஆர்பிநெக்ஸ்டில் பொருளுக்குக் குறியீடு, வகை, அலகு மூன்றும் கட்டாயம். வகையும் அலகும் அதற்கு முன்பே மென்பொருளில் இருக்கணும். இல்லாத வகையைத் தாளில் எழுதினால் அந்த வரியை ஏற்காது. எனவே முதலில் வகைகளையும் அலகுகளையும் உருவாக்குங்க.

அடுத்து ‘டேட்டா இம்போர்ட்’ பக்கத்தில் ‘ஐட்டம்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, புதிய பதிவு என்று குறித்து, மாதிரித் தாளைப் பதிவிறக்குங்க. நம் பத்திகளை அதில் ஒட்டுங்க. முதல் தடவை ஐந்து வரி மட்டும் ஏற்றிப் பாருங்க: ஒரு பேரிங், ஒரு பெல்ட், 1/2 எல்போ, பூச்சியத்தில் தொடங்கும் பாக எண் ஒன்று, மீட்டரில் அளக்கிற குழாய் ஒன்று. தப்பு நடக்கக்கூடிய எல்லா வகையும் இந்த ஐந்துக்குள் வந்துவிடும். அது சரியாக ஏறினால் மீதியை ஏற்றலாம். ஏதாவது வரி நின்றுபோனால் எந்த வரி, என்ன காரணம் என்று காட்டும். அந்த வரிகளை மட்டும் திருத்தி மறுபடி ஏற்றினால் போதும்.

இதில் ஏறுவது பொருளின் விவரம்தான். எத்தனை இருக்கிறது என்பதை ‘ஸ்டாக் ரீகன்சிலியேஷன்’ பகுதியில் ஆரம்ப இருப்பாகத் தனியாக ஏற்றணும். அங்கே குறியீடு, கிடங்கு, எண்ணிக்கை, விலை வேண்டும். வாங்கிய விலையை நாம் எண்ணும்போதே எழுதி வைத்தது இதற்காகத்தான்.

முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பொருளைத் தேர்ந்தெடுத்து, திரையில் உள்ள எண்ணும் தட்டில் உள்ள எண்ணும் ஒத்துப்போகிறதா பாருங்க.

குறைந்தபட்ச இருப்பு

இந்தப் பத்திதான் வீடரைக் காப்பாற்றும். ஒரு கணக்குப் போடுவோம். 60 நாள் களைப் பருவத்தில் 6 பெல்ட் செலவாகிறது என்றால் பத்து நாளுக்கு ஒன்று. சொல்லி வாங்கிவர 10 நாள் ஆகும் என்றால் அதற்குள் ஒன்று தேவைப்படும். எதிர்பாராமல் அறுவதற்கு இன்னொன்று. ஆக, இருப்பு 2-க்கு வந்தவுடனே வாங்கச் சொல்லணும். ஆண்டு முழுக்க ஒரே எண் வைக்காமல், நடவுக்கு முன்பு வீடர் பாகங்களுக்கும் கோடைக்கு முன்பு மோட்டார் பாகங்களுக்கும் இதை உயர்த்திக்கொள்ளுங்க.

எடுத்ததை எழுதணும்

இவ்வளவு செய்தும், எடுத்த பொருளை எழுதாவிட்டால் ஒரே மாதத்தில் கணக்கு பொய்யாகிவிடும். அவசரத்தில் யாரும் கணினியைத் திறக்கமாட்டார்கள். எங்கள் அலமாரியில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் கயிற்றில் கட்டித் தொங்குகின்றன. தேதி, குறியீடு, எண்ணிக்கை, யார் எடுத்தது என்று நாலே செய்தி. சாயங்காலம் அதைப் பார்த்து மென்பொருளில் பதிகிறோம். மாதம் ஒரு தடவை எல்லாவற்றையும் எக்செலில் இறக்கி ஒரு பென் டிரைவில் வைத்துக்கொள்கிறோம். மென்பொருள் மாறலாம், கணினி பழுதாகலாம். விதையை ஒரே பானையில் நாம் வைப்பதில்லையே.

இன்றைக்கு மெக்கானிக் அண்ணன் ஊரில் இல்லாவிட்டாலும் சாமான் கேட்டு வருகிறவர் வெறுங்கையோடு திரும்புவதில்லை. மொத்த அலமாரியையும் நினைத்து மலைக்க வேண்டாம். இந்த வாரம் பேரிங்கும் பெல்ட்டும் உள்ள ஒரே ஒரு தட்டை இறக்கி எண்ணுங்க. அதுவே ஐம்பது வரி வந்துவிடும்.