பழைய பிக்-அப் வண்டியில் தேய்ந்த தாங்கு ரப்பர்களைக் கழற்றும் முறை

கெடா மாநிலத்தில் சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய், கோலக் கெட்டில் முதலிய ஊர்களின் சாலைகளில் இருபது, முப்பது ஆண்டு வயதான பிக்-அப் வண்டிகள் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. செம்பனைக் குலை, உர மூட்டை, காய்கறிக் கூடை, பழைய இரும்பு, கோயில் திருவிழாவுக்கான அண்டா குண்டா என அவை சுமக்காத பொருளில்லை. தோட்டங்கள் கைமாறியும் வீட்டுமனைகளாகியும் போனபின் பட்டணத்திற்குக் குடிவந்த குடும்பங்கள் பலவற்றுக்கு ஒரு பழைய பிக்-அப்பே கைமுதல். அவ்வண்டி பட்டறையில் ஒரு வாரம் நின்றால் ஒரு வாரக் கூலி போயிற்று. ஆதலின் அதன் சிறு பழுதுகளைத் தாமே நீக்கிக்கொள்ள விரும்புவோருக்கும், மோட்டார் தொழில் பயிலும் இளைஞர்களுக்கும் பயன்படுமாறு ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு இங்கே விளக்குவோம்.

பிக்-அப் வண்டியின் ஓட்டுநர் அறை, அடிச்சட்டத்தின் மீது நேரடியாக அமர்ந்திருப்பதில்லை. 1968-ஆம் ஆண்டில் ஜப்பானில் முதன்முதல் வெளிவந்த டோயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில், அறைக்கும் சேசிஸ் எனப்படும் அடிச்சட்டத்திற்கும் இடையே தடித்த ரப்பர் மெத்தைகள் உள்ளன. பட்டறைகளில் இவற்றை ‘புஷ்’ என்பர். நாம் தாங்கு ரப்பர் என்போம். சட்டத்தின் பக்கத்தில் நீண்டிருக்கும் இரும்புக் கையின் மேலே ஒரு ரப்பர், கீழே ஒரு ரப்பர், இரண்டிற்கும் நடுவே ஓர் எஃகுக் குழல், அக்குழலினூடே செல்லும் நீண்ட போல்ட், இரு முனையிலும் அகன்ற வாசர். அமைப்பு இவ்வளவே. ஒற்றை அறை வண்டியில் பெரும்பாலும் நான்கு இடங்களிலும், நான்கு கதவு வண்டியில் அதற்கு மேலும் இவை இருக்கும். வண்டிக்கு வண்டி இது மாறுமாதலால் வேலை தொடங்குமுன் கீழே படுத்து எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

நாம் பால்மரம் சீவி எடுத்த அதே ரப்பர்தான் பெரும்பாலும் இம்மெத்தைகளிலும் இருக்கிறது. அதிர்ச்சியை விழுங்கிக்கொள்வதில் இயற்கை ரப்பருக்கு இணையான பொருள் குறைவு. 2014 மார்ச்சில் திறக்கப்பட்ட பினாங்கு இரண்டாவது பாலம் அப்போதைய நம் கெடா சுல்தானின் பெயரைத் தாங்கியுள்ளதை அறிவீர்கள். அந்தப் பாலமும் நிலநடுக்கத்தைத் தாங்குவதற்காக இயற்கை ரப்பர் மெத்தைகளின் மீதே அமர்ந்திருக்கிறது. ஆயினும் ரப்பருக்குப் பகைகள் உண்டு. வெப்பம் அதை இறுக்கும்; காற்றிலுள்ள ஓசோன் வாயு வெடிப்பு உண்டாக்கும்; எண்ணெயும் கிரீசும் அதை ஊதச் செய்து குழைத்துவிடும்; ஓயாத பாரம் அதை நசுக்கித் தட்டையாக்கும். புகைக்குழாய்க்கு அருகிலுள்ள ரப்பர் மற்றவற்றிற்கு முன்பே கெடுவது இதனாலேயே.

தேய்ந்துவிட்டது என்பதை எவ்வாறு அறிவது? பிரேக் பிடிக்கும்போதும் குழியில் இறங்கும்போதும் காலுக்கடியில் ‘டக்’ என்று கேட்கும். கதவு சரியாக மூடாது. கதவிடுக்கு மேலே அகன்றும் கீழே குறுகியும் தோன்றும். அறைக்கும் பின்புறப் பெட்டிக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒரு பக்கம் மட்டும் குறைந்திருக்கும். ரேடியேட்டர் முன்பகுதித் தகட்டோடு மாட்டப்பட்ட வண்டியாயின், முன் ரப்பர்கள் தாழ்ந்தபின் இயந்திரத்தின் விசிறி அதன் உறையை உரசத் தொடங்கும். இதைப் பலர் விசிறியின் பழுதென எண்ணி விசிறிக்குச் செலவழிக்கின்றனர். ஐயமிருப்பின் ஒருவரை அறையின் தூணைப் பிடித்து ஆட்டச் சொல்லி, மற்றவர் கீழிருந்து பார்க்கலாம். ரப்பர் நெகிழாமல் போல்ட் மட்டும் ஆடுமானால் முடிவு தெளிவு.

போல்ட்டே வேலையின் பாதி

புதிய ரப்பரைப் பொருத்துவது அரை நாள் வேலை. பழையதைக் கழற்றுவதே வேலை. போல்ட்டின் தலையோ, தரைத் தகட்டினுள் பற்றவைக்கப்பட்டிருக்கும் நட்டோ ஒருமுறை சிதைந்துவிட்டால், வெட்டுவது, துளையிடுவது, பற்றவைப்பது எனச் செலவு பன்மடங்காகும். தோட்டத்தில் உழைத்த வண்டிகளில் இந்தப் போல்ட்டுகள் துருவேறிக் கிடப்பதற்குக் காரணம் மழையும் செம்மண்ணும் மட்டுமல்ல. மூட்டையிலிருந்து சிந்திய உரம் ஈரத்தோடு சேர்ந்து இரும்பைத் தின்னும். பால் உறைய ஊற்றும் பார்மிக் திராவகத்தை ஏற்றிச் சென்ற வண்டியாக இருந்தாலோ கேட்க வேண்டியதில்லை. செம்மண் அந்த இரும்புக் கையின் மடிப்பில் அடைத்துக்கொண்டு வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

ஆகவே கழற்றும் நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பாகவே வேலையைத் தொடங்குங்கள். அடிப்பகுதியை நீர் பீய்ச்சிக் கழுவிக் காயவிடுங்கள். வெளியே தெரியும் மரைகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயைக் காலையும் மாலையும் ஊற்றி வாருங்கள். பழைய ரப்பர் எப்படியும் போகப்போவதால் அதன்மீது எண்ணெய் படுவதைப் பற்றிக் கவலையில்லை. சில வண்டிகளில் போல்ட்டின் தலை அறைக்குள்ளே, தரை விரிப்பின் அடியில், ஒரு ரப்பர் மூடிக்குக் கீழ் மறைந்திருக்கும். விரிப்பைத் தூக்கிப் பார்க்காமல் கீழேயிருந்து மட்டும் மல்லுக்கட்டுவது வீண்.

எண்ணெய் ஊறியபின், ஆறு முக சாக்கெட்டும் நீண்ட கைப்பிடியும் கொண்டு திருகுங்கள். பன்னிரண்டு முக சாக்கெட் துருப்பிடித்த தலையின் மூலைகளை மழுக்கிவிடும். முதலில் சற்றே இறுக்கும் பக்கம் அசைத்து, துருவின் பிடி விட்டதை உணர்ந்தபின் தளர்த்தும் பக்கம் திருப்பவேண்டும். கால் சுற்று வந்ததும் மீண்டும் சிறிது உள்ளே திருகி, மறுபடியும் வெளியே எடுத்து, மேலும் எண்ணெய் ஊற்றவேண்டும். ஒரே மூச்சில் இழுத்துவிடலாம் என்று குழாயை மாட்டி இரண்டு பேர் தொங்குவதால் போல்ட் கழன்று வருவதில்லை, முறிந்து வருகிறது. திருகும்போது ரப்பர் போல் நெகிழ்ந்து மீண்டும் திரும்பி நிற்குமானால், போல்ட் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அங்கேயே நிறுத்தி இன்னும் ஒரு நாள் ஊறவிடுங்கள்.

தீ காட்டி இளக்கும் முறை பட்டறைகளில் உண்டு. இவ்வேலைக்கு அதை நாம் பரிந்துரைக்கமாட்டோம். நெருப்பு படும் இடத்திலேயே ரப்பர் இருக்கிறது. அது பற்றினால் எளிதில் அணையாது, புகையும் நச்சு. மேலே தரை விரிப்பு, அருகே எண்ணெய்க் குழாய், பிரேக் குழாய்.

எல்லா முயற்சியும் பயனற்றுப்போனால் அறுத்துவிடுவதே நன்று. அறைக்கும் சட்டத்திற்கும் இடையே பழைய ரப்பரை முதலில் கத்தியால் செதுக்கி எடுத்துவிட்டு, எஃகுக் குழலையும் போல்ட்டையும் சேர்த்து இரும்பறுக்கும் வாளால் அறுக்கலாம். பற்றவைத்த நட்டு பெயர்ந்து போல்ட்டோடு சேர்ந்து சுற்றுமானால், மேலே தரைத் தகட்டில் சிறு வழி திறந்து நட்டைப் பிடிக்கவேண்டியிருக்கும். அதைப் பிறகு மூடிப் பற்றவைக்கத் தேர்ந்த கை தேவை. அரைவை இயந்திரத்தைப் பயன்படுத்துவோர் ஒன்றை மறவாதீர்: அடிச்சட்ட எண் பொறிக்கப்பட்ட இடத்தின்மீது அது படவே கூடாது. அந்த எண் அழிந்த வண்டியை வைத்துக்கொண்டு பரிசோதனை நிலையத்திலும் சாலைப் போக்குவரத்து இலாகாவிலும் படும் பாட்டிற்கு அளவில்லை.

அறையைத் தூக்குதல்

உயிருக்கு ஆபத்து இந்தக் கட்டத்தில்தான் உள்ளது. சமமான சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். வீட்டு முற்றத்து மண்ணில், அதுவும் மழைக்குப் பின், ஜாக்கி வைப்பது தற்கொலைக்கு ஒப்பாகும். பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிடுங்கள்.

அடுத்து, அறையையும் சட்டத்தையும் இணைப்பவை யாவை என்று ஒவ்வொன்றாகத் தேடவேண்டும். ஸ்டீரிங் தண்டின் இணைப்பு, கியர்க் கம்பியின் உறை, கைப்பிரேக் கம்பி, கிளட்ச் குழாய், பிரேக் குழாய், ரேடியேட்டர்க் குழாய்கள், இயந்திரத்திலிருந்து அறைக்கு வரும் மின்கம்பிகள், தரைக் கம்பி. இவற்றுள் நெகிழும் ரப்பர்க் குழாய்கள் ஓரளவு இடம் கொடுக்கும். இறுகிய உலோகக் குழாய்கள் கொடுக்கா. எது இழுபடுமோ அதை முன்பே தளர்த்துங்கள். விசிறி உறையையும் கழற்றிவிடுவது நலம்; அறை உயரும்போது உறையும் உயர்ந்து விசிறியின் இறக்கையில் மாட்டிக்கொள்ளும்.

எல்லாப் போல்ட்டுகளையும் தளர்த்துங்கள். ஆனால் ஒரு பக்கத்துப் போல்ட்டுகளை மட்டுமே உருவுங்கள். மறுபக்கத்தவை சில மரைகளில் தொங்கி அறை நழுவாமல் காக்கும். நம் நாட்டு வண்டிகளில் ஸ்டீரிங் வலப்புறம் உள்ளதால் இடப்பக்கத்திலிருந்து தொடங்குவது எளிது. ஜாக்கியை வெறும் தரைத் தகட்டில் வைத்தால் தகடு குழிந்துவிடும். ஓரத்து விறைப்புச் சட்டத்தின் கீழ், நீளமான கனத்த பலகை ஒன்றை இடையில் கொடுத்து மெல்லத் தூக்குங்கள். இரண்டு அங்குலம், மிஞ்சினால் மூன்று அங்குலம் போதும். ஒவ்வோர் அரை அங்குலத்திற்கும் நிறுத்தி, ஏதேனும் இழுபடுகிறதா என்று சுற்றிப் பாருங்கள். ஒருவர் ஜாக்கியில் இருக்க, ஒருவர் பார்ப்பதற்கென்றே நிற்பது சிறந்தது. இது தனியாள் வேலையன்று.

தூக்கியவுடன் சட்டத்திற்கும் அறைக்கும் இடையே கனமான மரக்கட்டைகளைச் செருகி, அறையின் பாரத்தைக் கட்டையின் மீது இறக்கிவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அவ்விடைவெளியில் விரலை நுழைத்தவன் விரலை இழக்க ஒரு நொடி போதும். பழைய ரப்பரை இடுக்கியாலும் நீண்ட திருப்புளியாலும் நெம்பி எடுக்கவேண்டுமேயன்றிக் கையால் அன்று. சட்டத்தின் துளையில் ஒட்டிக்கொண்ட ரப்பரைச் சுற்றிலும் கத்தியால் கீறிச் சோப்பு நீர் விட்டால் வழுக்கி வந்துவிடும்.

கழற்றிய உறுப்புகளை ஒரே தகரத்தில் கொட்டிவிடாதீர்கள். முன் இடம், முன் வலம், பின் இடம், பின் வலம் என எழுதிய தனித்தனி டின்களில் போடுங்கள். முன் ரப்பரும் பின் ரப்பரும் பருமனிலும் கடினத்திலும் வேறுபடலாம். இடையில் மெல்லிய தகட்டு வாசர்கள் இருந்தால் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள்; கதவு சரியாக மூடுவதற்காகத் தொழிற்சாலையில் அளந்து வைத்தவை அவை.

ரப்பர் வெளிவந்ததும் அந்த இரும்புக் கையைக் கூர்ந்து பாருங்கள். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். துரு தின்றது மந்தமாக ஒலித்துச் செதில் செதிலாக உதிரும். அப்படி உதிர்ந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். அரிக்கப்பட்ட கையின்மீது புது ரப்பர் வைப்பது கறையான் அரித்த தூணுக்குச் சாயம் பூசுவதாகும். விபத்தின்போது அறை சட்டத்தைவிட்டுப் பெயர்வது இந்த இடத்தில்தான். தேர்ச்சி பெற்ற வெல்டரிடம் காட்டிச் சீர்செய்தபின்னரே மேலே செல்லவேண்டும். இரும்பு நன்றாக இருந்தால் துருவைச் சுரண்டி, துருத்தடுப்புச் சாயம் பூசிக் காயவிடலாம். வறட்சி நிலவும் சனவரி, பிப்ரவரி மாதங்கள் கெடாவில் இதற்கு ஏற்றவை.

புதியவற்றை வைக்கும்போது சோப்பு நீரே போதும். எண்ணெயும் கிரீசும் ரப்பரில் படலாகாது. மரைக்கு மட்டும் ஒட்டாப் பசை சிறிது தடவுங்கள். எஃகுக் குழலும் புதியதாக இருக்கட்டும். ரப்பர் எவ்வளவு நசுங்கலாம் என்பதற்கு எல்லை வகுப்பது அக்குழலே; அது துருவில் தேய்ந்து குட்டையாகியிருந்தால், எவ்வளவு நல்ல ரப்பரும் சில மாதங்களில் பிதுங்கிவிடும். போல்ட் வாங்கும்போது கடைக்காரர் கொடுக்கும் சாதாரணப் போல்ட்டை ஏற்காமல், தலையில் 8.8 என்று பொறித்ததையோ, வண்டி உற்பத்தியாளர் குறிப்பிட்ட தரத்தையோ கேட்டு வாங்குங்கள். பாலியூரித்தேன் புஷ்களும் இப்போது கிடைக்கின்றன. அவை நெடுநாள் உழைக்கும். ஆனால் கடினமானவை, அதிர்வை அறைக்குள் விடும். நாள் முழுதும் தோட்டச் சாலையில் ஓட்டுபவரின் முதுகெலும்புக்கு ரப்பரே நல்லது என்பது நம் கருத்து.

ஒரு பக்கம் முடிந்து அறையை இறக்கியபின் மறுபக்கம் செல்லுங்கள். நான்கும் அமர்ந்து, அறையின் முழுப் பாரமும் ரப்பர்மீது இறங்கிய பிறகே, வண்டியின் கைந்நூலில் கண்ட முறுக்கு விசைக்கு இறுக்கவேண்டும். ஸ்டீரிங் இணைப்பைப் பூட்டி, சக்கரத்தை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். பிரேக்கை மிதித்துக் குழாய்களில் கசிவு உண்டா எனச் சோதித்தபின்னரே வண்டியைச் சாலைக்கு எடுங்கள். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ரப்பர் படிந்திருக்கும். அப்போது ஒருமுறை போல்ட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்க்கவேண்டும். கழற்றிய பழைய ரப்பர்களைக் கொல்லையில் குப்பையோடு போட்டுக் கொளுத்தாதீர்கள். அவற்றுள் ஒன்றைப் புதியவை வாங்கப் போகும்போது கடைக்குக் கொண்டுசென்றால், ஒரே பெயரில் விற்கப்படும் பலவகை ரப்பர்களுள் உங்கள் வண்டிக்குரியதைத் துளையின் அளவு பார்த்து எடுக்க அது உதவும்.